ஒரு வாரத்தின் விலை

ஹாட்ரிக் என்னும் இணையக் கால்பந்து விளையாட்டில் அணி நடத்துபவர் வாரத்துக்கு ஒருமுறை ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: இந்த வாரம் வீரர்கள் எதைப் பழகப்போகிறார்கள்? கோல் காப்பதா, தற்காப்பா, நடுக்களத்தில் ஆட்டத்தைக் கட்டுவதா, ஓரத்தில் ஓடுவதா, பந்து கொடுப்பதா, கோல் அடிப்பதா? இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அந்த ஒன்று மொத்த அணிக்கும் பொது. மற்ற திறன்கள் அந்த வாரம் காத்துக்கிடக்கும்.

1997இல் ஸ்வீடனில் பியோர்ன் ஹோல்மேர் தொடங்கிய விளையாட்டு இது. பந்தின் ஓட்டத்தைத் திரையில் காட்டி மயக்கும் நோக்கம் இதற்கு இருந்ததில்லை. ஆட்டம் வரிவரியாக எழுத்தில் நடக்கும். வீரரின் திறனும் சொல்லால் சொல்லப்படும். கீழ்ப்படிகளில் ‘படுமோசம்’, நடுவில் ‘பரவாயில்லை’, இருபதாம் படியில் ‘தெய்வீகம்’ என்ற பொருள்களில் அந்தச் சொற்கள் அமைந்திருக்கும். இத்தனை எளிய ஒரு விளையாட்டில் 2009 வாக்கில் பத்து லட்சத்தை நெருங்கும் அளவுக்கு உலகெங்கும் ஆட்கள் சேர்ந்தார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை தேய்ந்தது. ஆனால் பயிற்சியைப் பற்றிய வாதம் தேயவில்லை. ஹாட்ரிக்கிலும், அதன் வழியில் வந்த கூடைப்பந்து, கிரிக்கெட், ஹாக்கி மேலாண்மை விளையாட்டுகளிலும் அணி நடத்துபவர்கள் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடம் இதுதான்: ஒரு வீரர் எப்படி வளர வேண்டும்?

முதலில் விதியின் உள்வேலைப்பாட்டைப் பார்க்கலாம். ஹாட்ரிக்கில் பயிற்சியின் பலன் அந்த வாரம் களத்தில் ஆடியவர்களுக்கே போகும். அதுவும் அந்தப் பயிற்சிக்கு உரிய இடத்தில் ஆடியவர்களுக்கு. ஒருவருக்குக் கணக்கில் வருவது அதிகபட்சம் 90 நிமிடம். வார இறுதியில் லீக் ஆட்டம், வார நடுவில் கோப்பை ஆட்டமோ நட்பு ஆட்டமோ என்று வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள். எனவே கோல்கீப்பர் பயிற்சி வைத்தால் பயன் பெறுபவர்கள் இரண்டே பேர். நடுக்களப் பயிற்சி என்றால் ஆட்டத்துக்கு மூவர் வீதம் ஆறு பேர் முழுப் பயனும், ஓரத்தில் ஆடுபவர்கள் பாதிப் பயனும் பெறுவார்கள். தற்காப்பு என்றால் பத்துப் பேர் வரை. பயன் பெறுபவர் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் முன்னேறும் வேகம் குறையும்படி கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. வயது ஏற ஏறவும் வேகம் குறையும். திறன் உயர உயர அடுத்த படி இன்னும் தொலைவாகும்.

கால்பந்து மைதானத்தை நேரில் அறிந்தவருக்கு இது ஏற்றுக்கொள்ளக் கடினமான விதி. எந்தப் பயிற்சியாளரும் ஒரு வாரம் முழுக்க அணிக்குப் பந்து கொடுப்பதை மட்டும் சொல்லித்தந்துவிட்டு, கோல்கீப்பரை வேடிக்கை பார்க்க விடுவதில்லை. ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப் தன் இளையோர் பள்ளியில் நுட்பம், ஆட்ட அறிவு, ஆளுமை, வேகம் என்ற நான்கையும் சேர்த்தே அளந்தது. பார்சலோனாவின் இளையோர் பயிற்சிக்கு அடையாளமாகிவிட்ட ரோண்டோவில் சிலர் வட்டமாக நின்று பந்தைத் தங்களுக்குள் கடத்துவார்கள்; நடுவில் நிற்கும் ஒருவரோ இருவரோ அதைப் பறிக்கப் பாய்வார்கள். அந்தச் சிறு வட்டத்துக்குள் முதல் தொடுகை, பார்வை, பந்து கொடுத்தல், தற்காப்பு எல்லாம் ஒரே மூச்சில் நடக்கின்றன. திறன்களைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துவைப்பது கணினிக்கு வசதி. உடம்பு அப்படிப் பழகுவதில்லை.

இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரிவது 2007இல் தொடங்கிய பஸ்ஸர்பீட்டர் என்ற கூடைப்பந்து விளையாட்டில். அங்கும் வாரத்துக்கு ஒரு பயிற்சி, குறிப்பிட்ட இடத்தில் 48 நிமிடம் ஆடினால்தான் முழுப் பலன். ஆறடி பத்து அங்குல உயரமுள்ள ஒரு சென்டருக்குப் பந்து கொடுக்கும் கலையும் வர வேண்டும் என்று மேலாளர் ஆசைப்பட்டால், அந்த நெடிய ஆளை, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக நிறுத்தி ஓர் ஆட்டம் முழுக்க ஆடவைக்க வேண்டும். பந்து எதிரணியின் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும், ஆட்டம் தோற்கும், ஆனால் பயிற்சி நடந்துவிடும். முழுமையான வீரரை உருவாக்க வேண்டுமானால் பருவத்தில் பல ஆட்டங்களை இப்படிப் பலி கொடுக்க வேண்டியிருக்கிறது. வெல்வதற்காக ஆடும் ஆட்டத்தில் தோற்பதைப் பாடத்திட்டமாக்கும் விதி இது என்று எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அவர்கள் கேட்பது இதுதான். பயிற்சியை ஆட்ட நிமிடங்களிலிருந்து பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனிப் பாடம் வைக்க விடுங்கள். பெஞ்சில் இருக்கும் பதினேழு வயதுப் பையனும் காலையில் மைதானத்தில் ஓடத்தானே செய்கிறான், அவனுக்கும் ஏதாவது சேரட்டும்.

கேட்க மிக நியாயமாகத் தோன்றும் இந்த மாற்றத்தை அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு வீரரையும் விரும்பிய திசையில், எதையும் இழக்காமல் வளர்க்க முடிந்தால், சிறந்த வழி ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிடும். இந்த விளையாட்டுகளை ஆடுபவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஹாட்ரிக் திறனின் தசமப் பகுதியை மறைத்தே வைத்திருக்கிறது. மேலாளருக்குத் தெரிவது சொல் மட்டும். ஆனாலும் ஆடுபவர்கள் தங்கள் அணியின் வாராந்தரத் தரவுகளைத் தொகுத்து, எந்த வயதில் எந்தத் திறன் எத்தனை வாரத்தில் ஒரு படி ஏறும் என்ற சூத்திரத்தைக் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹாட்ரிக் ஆர்கனைசர் போன்ற திறமூல மென்பொருள்களை ஆடுபவர்களே எழுதிப் பகிர்ந்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தின் கையில் தடையற்ற பயிற்சியைக் கொடுத்தால் சில பருவங்களுக்குள் எல்லா அணிகளும் ஒரே அச்சில் வார்த்தவையாகிவிடும். அப்போது மேலாளர் என்ற ஒருவருக்கு வேலையே இருக்காது.

ஒரு வாரத்துக்கு ஒன்றே என்ற கடுமைதான் அணிகளுக்குத் தனி முகத்தைத் தருகிறது. நடுக்களப் பயிற்சியில் இரண்டு ஆண்டுகள் ஊறிய அணி பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும். ஆனால் அதன் தற்காப்பு வெளியிலிருந்து வாங்கியதாக இருக்கும், அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்காகத் தான் வளர்த்த நடுக்கள வீரர் ஒருவரை விற்க வேண்டும். யாரை விற்பது? பதினேழு வயதில் வந்து இருபத்திரண்டு வயதில் சிறந்து நிற்கும் அவரையா, அவரைவிட மெல்ல வளர்ந்தாலும் மலிவான சம்பளத்தில் இருக்கும் மற்றவரையா? பயிற்சி விதியில் இருக்கும் பற்றாக்குறை இப்படிச் சந்தைக்கும் சம்பளத்துக்கும் பாசத்துக்கும் பரவுகிறது. வளர்த்து விற்பதே லாபமான தொழிலாகிப்போனபோது ஹாட்ரிக் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: ஒரே கிளப்பில் நீண்ட நாள் இருப்பவருக்கு விசுவாசத்தின் பேரில் கூடுதல் பலம், சொந்தக் கிளப்பிலேயே உருவானவருக்கு அதற்கு மேலும் ஒரு சலுகை. வளர்ப்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் இடையே சமநிலை தேடிய அந்தத் திருத்தம், விதி எழுதுபவர்களும் இந்தக் கேள்வியை வெறும் கணக்காகப் பார்க்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

இந்தப் பற்றாக்குறையின் மிக அழகான விளைவு தேசிய அணிகளில் தெரியும். ஹாட்ரிக்கில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேசிய அணியும் ஓர் இளையோர் தேசிய அணியும் உண்டு. அவற்றின் பயிற்சியாளர்களை ஆடுபவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பயிற்சியாளர் கையில் பயிற்சி அதிகாரம் கிடையாது. வீரர்கள் உலகெங்கும் சிதறியிருக்கும் கிளப்புகளுக்குச் சொந்தம். ஆகவே ஒரு பிரேசில் சிறுவனைப் போலந்துக்காரர் ஒருவர் வாங்கியிருந்தால், பிரேசில் இளையோர் அணியின் பயிற்சியாளர் அவருக்கு எழுதிக் கேட்க வேண்டும்: இந்தப் பையனுக்கு இன்னும் பத்து வாரம் நடுக்களப் பயிற்சி கொடுங்கள், பிறகு பந்து கொடுக்கும் பயிற்சிக்கு மாறுங்கள், வயது வரம்பு முடிவதற்குள் அவன் தயாராகிவிடுவான். போலந்துக்காரர் தன் லீக் தேவையை ஒதுக்கிவைத்துச் சம்மதிக்கிறார். முகம் தெரியாத ஒரு நாட்டின் அணிக்காக, இல்லாத ஒரு வீரரின்மேல் தன் வாரங்களைச் செலவிடுகிறார். பயிற்சி இலவசமாக, எல்லோருக்கும் எல்லாமும் கிடைப்பதாக இருந்திருந்தால் இப்படி ஒரு வேண்டுகோளுக்கோ சம்மதத்துக்கோ பொருளே இருந்திருக்காது.

வாதத்தின் அடுத்த முனை உச்சவரம்பு பற்றியது. எல்லா வீரர்களும் எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாமா, அல்லது பிறக்கும்போதே ஒரு கோடு கிழித்துவிட வேண்டுமா?

இதற்கு ஒவ்வொரு விளையாட்டும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. 1992இல் பால், ஆலிவர் கோலியர் சகோதரர்களின் சாம்பியன்ஷிப் மேனேஜராகத் தொடங்கி, பிறகு ஃபுட்பால் மேனேஜர் என்ற பெயரில் தொடரும் கணினி விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு மறைவான எண்கள் உண்டு. இன்றைய திறன் ஒன்று, எட்டக்கூடிய திறன் மற்றொன்று; இரண்டுக்கும் உச்சம் 200. பயிற்சி முதல் எண்ணை இரண்டாவதை நோக்கி நகர்த்தும், அதைத் தாண்டவிடாது. போலந்தில் உருவான சோக்கரில் வரம்புக்குப் பதில் வேகம் மறைந்திருக்கிறது: சிலர் சில வாரங்களில் கற்பதை வேறு சிலர் இரு மடங்கு வாரங்களில் கற்பார்கள், பயிற்சி கொடுத்துப் பார்த்துத்தான் அதைக் கணிக்க முடியும். பஸ்ஸர்பீட்டர் வரம்பை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. வீரரின் பக்கத்தில் அவர் எதுவரை போவார் என்பது எழுதியிருக்கும். ஹாட்ரிக்கின் மூத்த அணியில் இப்படிப்பட்ட கோடே கிடையாது. வயதும் காலமும்தான் தடை. ஆனால் அதே ஹாட்ரிக்கின் இளையோர் அகாடமியில் ஒவ்வொரு சிறுவனின் ஒவ்வொரு திறனுக்கும் உச்சவரம்பு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது; பயிற்றுநர் அதை மெல்ல மெல்லத் தெரியப்படுத்துவார்.

வரம்பு வேண்டும் என்பவர்களின் கட்சிக்கு ஆய்வின் துணை உண்டு. பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, முயன்று செய்யும் பயிற்சியின் நேரமே தேர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தைப் பரப்பியது. பத்தாயிரம் மணி நேரம் என்ற பிரபலக் கணக்கு அதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் 2014இல் மக்னமாரா, ஹாம்ப்ரிக், ஆஸ்வால்ட் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டுத் துறையில் ஆட்களுக்கு இடையே உள்ள திறன் வேறுபாட்டில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத்தான் பயிற்சி நேரம் விளக்கியது. மீதியில் உடல்வாகும், தொடங்கிய வயதும், வாய்ப்பும், இன்னும் பலவும் கலந்திருக்கின்றன. வாரக் கணக்கை மட்டும் வைத்து எல்லோரையும் உச்சிக்கு ஏற்றிவிடும் விளையாட்டு, மனித உடம்பைப் பற்றிப் பொய் சொல்கிறது என்பது அவர்கள் வாதம்.

ஆனால் வரம்பை ஒரு எண்ணாக முன்கூட்டியே எழுதிவைப்பதும் அதே அளவு பொய். மில்வால் இளையோர் அணியில் ஆடிய செர்னோ சம்பாவை 2001-02 பருவத்துக்கான சாம்பியன்ஷிப் மேனேஜர் மாபெரும் கோல் வேட்டைக்காரராக வளரவிட்டது. உலகெங்கும் கணினிகளில் அவர் கோல்களைக் குவித்தார். நிஜ வாழ்வில் காடிஸ், பிளைமவுத் என்று கிளப் கிளப்பாக நகர்ந்தார், காம்பியா நாட்டுக்காகவும் ஆடினார். கணினி சொன்ன உயரம் வாய்க்கவில்லை. எதிர்த்திசையில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித் இருக்கிறார். 2010இல் லார்ட்ஸில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டில் அவர் லெக் ஸ்பின்னராக எடுக்கப்பட்டு எட்டாவதாக மட்டை பிடித்தார். அன்று அவருடைய பெயருக்கு எதிரே ஒரு மேலாண்மை விளையாட்டு பேட்டிங் உச்சவரம்பை எழுதியிருந்தால் அது எவ்வளவு தாழ்வாக இருந்திருக்கும்! அவர் 2025 ஜனவரியில் இலங்கையின் காலி மைதானத்தில் டெஸ்டில் 10,000 ரன்களைக் கடந்தார். கால்பந்தில் கேரத் பேல் டாட்டன்ஹாமுக்கு இடது பின்கள வீரராக வந்து, முன்கள வீரராக மாறி, 2013இல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். இடத்தை மாற்றிப் பார்த்ததால்தான் இந்த இருவருடைய திறனும் வெளியே வந்தது.

ஃபுட்பால் மேனேஜரை உருவாக்குபவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். மிக இளைய வீரர்களுக்கு நிலையான எண்ணுக்குப் பதில் ஒரு வீச்சைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை புதிதாக ஆடத் தொடங்கும்போதும் அந்த வீச்சுக்குள் வேறொரு எண் விழும். ஒரே பையன் ஒரு கணினியில் உலகப் புகழ் பெறுவான், இன்னொன்றில் சாதாரண வீரனாக நிற்பான். உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் தரும் கணிப்பில் திரட்டிய அந்தத் தரவுத்தளத்தை 2008இல் எவர்ட்டன் கிளப் தன் வீரர் தேடலுக்கே ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்த முன்வந்தது. அவ்வளவு நம்பகமான தரவுக்குள்ளும், பதினாறு வயதுப் பையனைப் பற்றிய இடத்தில் மட்டும், தெரியாது என்பதற்கு ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. இந்த வகை விளையாட்டுகளில் எழுதப்பட்ட விதிகளில் மிக நேர்மையானது இது. ஆனாலும் ஆட்டம் தொடங்கிய நொடியில் அந்த எண் உறைந்துவிடுகிறது. அதன்பின் அந்தப் பையன் ஆடும் ஆட்டங்களோ படும் காயங்களோ அதைத் தொடுவதில்லை.

காலம் பற்றிய கேள்வி இவை எல்லாவற்றையும்விட அவசரமானது. ஹாட்ரிக்கில் ஒரு பருவம் 16 வாரம்; வீரருக்கு ஒரு வயது கூட 112 நாள். பதினேழில் அணிக்கு வருபவர் முப்பதைத் தொட நிஜ உலகில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த நான்கு ஆண்டுகளில் மேலாளர் கல்லூரியை முடித்திருப்பார், வேலைக்குப் போயிருப்பார், ஊர் மாறியிருப்பார். பணம் கட்டிச் சந்தா பெற்றவருக்குச் சில வசதிகள் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அவருடைய வாரமும் ஏழு நாள்தான். யாராலும் ஒரு பயிற்சியை முன்கூட்டி வாங்க முடியாது.

கைப்பேசிக் காலம் இந்தச் சமத்துவத்தைத்தான் முதலில் உடைத்தது. பெல்கிரேடின் நோர்டியஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட டாப் லெவனில் பயிற்சி எப்போது வேண்டுமானாலும் நடக்கும். பயிற்சி கொடுத்தால் வீரர் களைப்படைவார். களைப்பைப் போக்க ஓய்வுப் பொதிகள் வேண்டும். அவை காத்திருந்தால் கொஞ்சம் கிடைக்கும், விளம்பரம் பார்த்தால் கொஞ்சம் கிடைக்கும், பணம் கொடுத்தால் நிறையக் கிடைக்கும். வணிக வெற்றியில் குறையில்லை. 2021இல் டேக்-டூ நிறுவனம் நோர்டியஸை 37 கோடியே 80 லட்சம் டாலர் வரையிலான விலைக்கு வாங்கியது. ஆனால் அங்கே வீரரின் வளர்ச்சி மேலாளரின் தீர்மானத்திலிருந்து நழுவி, அவருடைய ஓய்வு நேரத்துக்கும் பணப்பைக்கும் போய்விட்டது. எதைப் பழகுவது என்ற கேள்வியின் இடத்தில் எவ்வளவு செலவழிப்பது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயிற்சி உண்மை மைதானத்தைப் போல இருக்கிறதா இல்லையா என்று வாதிடுபவர்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். வாரம் ஒரு திறன் என்ற செயற்கை விதியால் விளையாட்டு சாகவில்லை. காலத்தை விலைக்கு விற்றால் தேர்வு என்ற ஒன்றே அதில் மிஞ்சாது.

ஆகவே வைக்க வேண்டியவை எவை, மாற்ற வேண்டியவை எவை என்று பிரித்துச் சொல்ல முடியும். வாரத்துக்கு ஒரு திறன் என்ற கடுமை இருக்கட்டும். அது எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். ஆனால் பயிற்சிக்காக ஆட்டத்தைத் தோற்க வேண்டிய நிலை போக வேண்டும். ஹாட்ரிக் பின்னாளில் வேறு இடத்தில் ஆடியவர்களுக்கும் பயிற்சியின் மிகச் சிறு பங்கு கசியும்படி செய்தது. அந்தக் கசிவைக் கொஞ்சம் கூட்டினாலே நெடிய சென்டரைப் பாயிண்ட் கார்டாக நிறுத்தும் தேவை குறைந்துவிடும், இடத்துக்கு உரியவருக்கான முன்னுரிமையும் போகாது. உச்சவரம்பு இருக்கட்டும், ஆனால் உறையாமல் இருக்கட்டும்: புதிய இடத்தில் ஒரு பருவம் ஆடியவருக்கு, கடினமான ஆட்டங்களைத் தாங்கியவருக்கு அது சற்றே நகரலாம், எல்லோருக்கும் அல்ல, எப்போதும் அல்ல. கணக்கில் வல்லவர்கள் எவ்வளவு முயன்றாலும் முழுதாக எட்ட முடியாத ஒரு பகுதி ஒவ்வொரு வீரரிடமும் மிஞ்சியிருக்கும்.

முதுமையைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். இந்த வாதங்களில் பெரும்பாலானவை பதினேழிலிருந்து இருபத்தைந்து வரை உள்ள வயதிலேயே சுற்றிவருகின்றன. அதன்பின் வீரர் தேய்கிறார், உயர்ந்த திறன்கள் வேகமாக இறங்குகின்றன, பயிற்சி அதைச் சற்றே தாமதப்படுத்துகிறது. பெரும்பாலான மேலாளர்கள் அதற்கு முன்பே விற்றுவிடுகிறார்கள். ஹாட்ரிக்கில் மேலாளருக்கு இன்னொரு வழி உண்டு. அணியில் ஆடியவரையே பயிற்சியாளராக மாற்றிக்கொள்ளலாம். அடுத்து வரும் சிறுவர்களின் வேகம் அவருடைய தரத்தைப் பொறுத்து அமையும். ஆனால் அவர் எதைப் பழகி வளர்ந்தார் என்பது அங்கே கணக்கில் வருவதில்லை. வாழ்நாளெல்லாம் நடுக்களத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் கோல்கீப்பர்களுக்கும் அதே அளவில்தான் கற்றுத்தருகிறார். அடுத்த திருத்தம் இங்கிருந்து தொடங்கலாம்: மேலாளர் ஒரு வீரர்மேல் செலவிட்ட வாரங்கள், அந்த வீரர் பயிற்சியாளராகும்போது, அதே திறனைக் கற்கவரும் அடுத்த தலைமுறைக்குக் கொஞ்சமாவது போய்ச் சேரட்டும்.